பள்ளியை விட்டுப் போகாத பெற்றோர் எல்லாரும் பள்ளியோடு இருக்கிறார்களா?

வகுப்பறைகள் நிறைந்திருக்கின்றன, அடுத்த ஆண்டு சேர்க்கைக்கும் ஆள் காத்திருக்கிறது என்றால், பெற்றோருக்கு நம் பள்ளியைப் பிடித்திருக்கிறது என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடுகிறது. அவசர முடிவு அது. பிள்ளையை ஒரே பள்ளியில் தொடர்ந்து வைத்திருப்பதற்குப் பற்று ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் வேறு காரணங்கள் அதற்கு முன்னால் வந்து நிற்கும். பிள்ளைக்கு நண்பர்கள் அமைந்துவிட்டார்கள். பாடத்திட்டம் மாறினால் ஒரு வருடம் தடுமாறும். தம்பியோ தங்கையோ அதே பள்ளியில் படிக்கிறார்கள். போக வர வண்டி ஏற்பாடாகிவிட்டது. நடு வகுப்பில் வேறு பள்ளியில் இடம் கிடைப்பதும் கடினம். உள்ளுக்குள் எவ்வளவு கசப்பு இருந்தாலும் இத்தனையும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

கட்டுண்டு இருப்பவர்களும் மனம் ஒப்பி இருப்பவர்களும் வருகைப் பதிவேட்டில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். நெருக்கடி வரும்போது வேறுபாடு வெளியே வரும். வகுப்பு ஆசிரியர் நடு ஆண்டில் விலகுகிறார். ஒரு பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தில் அடிபடுகிறது. பக்கத்தில் புதுப் பள்ளி ஒன்று திறக்கிறது. அப்போது சில பெற்றோர் நேரே தலைமை ஆசிரியரின் அறைக்கு வந்து "என்ன நடக்கிறது இங்கே?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர் ஒன்றும் சொல்லாமல் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். அறைக்கு வந்து கேட்டவரைத் தலைவலி என்றும், சத்தமில்லாமல் போனவரைப் பிரச்சினை செய்யாத நல்ல மனிதர் என்றும் பள்ளிகள் குறித்துவைத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கணக்கு தலைகீழானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். சண்டைக்கு வரும் பெற்றோருக்கு இன்னும் அந்தப் பள்ளிமேல் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது.

போவதா, பேசுவதா

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் ஒரு சிறிய நூல் எழுதினார். ஒரு நிறுவனத்தின் தரம் சரியும்போது அதை நம்பியிருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: விலகிப் போவது, அல்லது இருந்துகொண்டே குரல் எழுப்புவது. இந்த இரண்டில் யார் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்த நிறுவனத்தின்மேல் அவர்களுக்கு உள்ள பற்று. இதுதான் நூலின் சாரம்.

அவரை இந்தச் சிந்தனைக்கு இழுத்துவந்தது நைஜீரிய ரயில்வே. சரக்கு ஏற்றுவதில் லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் ரயில்வே திருந்தவில்லை. போட்டி வந்தால் தரம் உயரும் என்பது பொருளியலின் பாலபாடம். அங்கே நடந்தது வேறு. ரயில்வே அரசு நிறுவனம் என்பதால் வருமான இழப்பு அதை அவ்வளவாக உறுத்தவில்லை. போராடி அதைத் திருத்தியிருக்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர்களோ முதல் ஆளாக லாரிக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் குரல் இல்லை.

அதே நூலில் ஹிர்ஷ்மன் பள்ளியையும் எடுத்துக்கொள்கிறார். பொதுப் பள்ளி ஒன்றின் தரம் குறைகிறது, அருகில் தனியார் பள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வெளியேறுபவர்கள் யார்? கல்வித் தரத்தைக் கூர்ந்து கவனிப்பவர்கள், கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மாற்று ஏற்பாடு செய்யும் வசதி உள்ளவர்கள். அவர்கள் இருந்திருந்தால் பள்ளியை நெருக்கித் திருத்தியிருப்பார்கள். அவர்கள் போனதும் சரிவு இன்னும் வேகமாகிறது. அடுத்த அடுக்கில் இருப்பவர்கள் கிளம்புகிறார்கள். தனியார் பள்ளிகளுக்குள்ளும் இதே கதைதான், நிலம் மட்டும் வேறு.

இந்த ஓட்டத்தைக் கொஞ்ச நாள் தடுத்து நிறுத்துவதுதான் பற்றின் வேலை. "இந்த வருடம் சரியில்லை, ஆனால் பேசிப் பார்ப்போம்" என்று ஒரு தாயையோ தந்தையையோ நினைக்க வைக்கிறது. பள்ளிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு தவணை கிடைக்கிறது. அந்தத் தவணை எப்போதும் குறுகியது. பேசியும் ஒன்றும் மாறவில்லை என்றால் பற்று கரைந்துவிடும், முன்பு மிக உரிமையோடு பேசியவர்தான் மிகக் கசப்போடு போவார்.

பள்ளி விஷயத்தில் ஹிர்ஷ்மனின் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: பயம். ஒரு வங்கியிடமோ தொலைபேசி நிறுவனத்திடமோ சண்டை போடும்போது நம் கையில் இருந்து அதிகபட்சம் நேரமும் பணமும் போகும். பள்ளியிடம் சண்டை போட்டால், மறுநாள் காலை அதே வகுப்பறையில், அதே ஆசிரியர் முன்னால் போய் உட்கார வேண்டியது நம் பிள்ளை. "ஏதாவது சொன்னால் பிள்ளைமேல் காட்டிவிடுவார்களோ" என்ற தயக்கம் எத்தனையோ நியாயமான புகார்களை வீட்டு வாசலைத் தாண்டவிடுவதில்லை. அந்தத் தயக்கம் ஆதாரம் உள்ளதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. தயக்கம் இருக்கிறது, அதுவே போதும். புகார் சொன்ன குடும்பத்தின் பிள்ளை அடுத்த வாரம் வழக்கம்போல நடத்தப்பட்டதா என்பதை மற்ற பெற்றோர் மிகக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட பள்ளி, புகார்ப் பெட்டி வைப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைச் சரிசெய்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

பெற்றோர் எதை வைத்துப் பள்ளியை எடை போடுகிறார்கள்? பெரும்பாலும், எடை போட முடியாத ஒன்றைத்தான் எடை போடுகிறார்கள். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் ஒரு வகைப் பொருட்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள்: வாங்குவதற்கு முன்பும் தரம் தெரியாது, பயன்படுத்திய பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவமும் வாகனப் பழுதுபார்ப்பும் அதற்கு வழக்கமான உதாரணங்கள். கல்வி இந்த வகைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றால் அது பள்ளியாலா, வீட்டாலா, தனிப் பயிற்சியாலா, பிள்ளையின் இயல்பாலா? வேறு பள்ளியில் படித்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று சோதித்துப் பார்க்க இன்னொரு பிள்ளைப் பருவம் கிடையாது.

ஆகவே கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஊகிக்கிறோம். கட்டடம், சீருடை, தேர்வு முடிவு, வாசலில் இறங்கும் மற்ற பிள்ளைகளின் தோரணை. இந்தக் கடைசி அம்சத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நியூயார்க் நகரில் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் தங்களுக்கு விருப்பமான பள்ளிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். அந்த வரிசைகளை ஆராய்ந்து நான்கு பொருளியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோர் நாடியது ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சேர்கிற பள்ளிகளை. அந்த அம்சத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டால், ஒரு பள்ளி தன்னிடம் வந்த மாணவரை உண்மையில் எவ்வளவு உயர்த்துகிறது என்பதற்கும் பெற்றோரின் விருப்பத்துக்கும் தொடர்பே தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. யாரோடு பிள்ளை வளர்கிறது என்பதும் நியாயமான கவலைதான். நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று: ஒரு பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவருவது இந்த வெளித்தோற்றம், அவரை உள்ளே மனத்தோடு வைத்திருப்பதற்கு இது உதவாது. சேர்ந்த பிறகு கட்டடம் பழகிவிடுகிறது, முடிவுப் பட்டியலும் பழகிவிடுகிறது. பிறகு தினமும் பள்ளியைப் பற்றி வரும் செய்தி ஒரே ஒரு வாயிலிருந்து வருகிறது. மாலையில் பையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளை சொல்வது. சில பிள்ளைகள் ஒரு மணி நேரம் பேசும், சில "ஒண்ணுமில்ல" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். விளம்பரத்துக்குப் பெரும் தொகை செலவிடும் நிர்வாகங்கள் இந்த மாலை நேர அறிக்கையைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சிகாகோவில் கண்டது

ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் சிகாகோ நகரின் 400க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை 1990களில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் நூலாக வந்த அந்த ஆய்வு, பள்ளிகளில் நம்பிக்கை என்ற பொருளில் இன்றும் பேசப்படுகிறது. ஆசிரியர், பெற்றோர், தலைமை ஆசிரியர் இவர்களுக்கிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. நம்பிக்கை மிகக் குறைவாக இருந்தவற்றில் ஏழில் ஒன்றுதான் முன்னேறியது.

மனிதர்கள் ஒருவரையொருவர் நான்கு விஷயங்களில் அளந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: மரியாதை, தன் வேலையில் திறமை, கடமைக்கு மேலே ஒருபடி காட்டும் அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாக இருக்கும் நேர்மை.

மரியாதை பற்றிய அளவீடு தலைமை ஆசிரியரைச் சந்திப்பதற்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. வாசலில் காவலாளி, அலுவலகத்தில் எழுத்தர், வண்டியில் உதவியாளர். வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்த ஒருவரை எதற்கென்று சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், பிறகு உள்ளே கிடைக்கும் புன்னகைக்கு மதிப்பில்லை. பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் ஐந்து நிமிடம் தருகிறார்கள். அதில் நான்கு நிமிடம் ஆசிரியரே பேசுகிறார். "வீட்டில் எப்படி இருக்கிறான், எதில் ஆர்வம் காட்டுகிறான்?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், சந்திப்பின் தன்மையே மாறிவிடும். பிள்ளையைப் பற்றித் தனக்கும் ஏதோ தெரியும் என்று பள்ளி ஒப்புக்கொள்வதைப் பெற்றோர் மறப்பதில்லை.

திறமையைப் பெற்றோர் நேரடியாகப் பார்க்க முடியாது. திருத்திய நோட்டில் பார்க்கிறார்கள். தவறான விடைக்குச் சரி போட்டிருந்தால், இரண்டு மாதமாக நோட்டு திருத்தப்படாமல் கிடந்தால், அதற்கு மேல் எந்தக் கையேடும் அவர்களை நம்ப வைக்காது.

அக்கறை என்பது சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு திரும்பி வந்த பிள்ளையிடம் விசாரித்த ஆசிரியர். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் இந்த வாரம் பேசாமல் இருக்கிறாள் என்று கவனித்து வீட்டுக்கு ஒரு வரி எழுதியவர். இவை எந்த வேலை விதியிலும் இல்லாதவை. விதியாக்கினால் செத்துவிடும், ஆசிரியருக்கு மூச்சு விட நேரம் இருந்தால்தான் தானாக நடக்கும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கைக்கும் பெற்றோரின் பற்றுக்கும் உள்ள தொடர்பு இந்த வழியாகத்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

நேர்மையை எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள், ஆனால் அதன் சோதனை ஒன்றுதான்: விதி எல்லாருக்கும் ஒன்றா? தாமதமாக வந்ததற்கு ஒரு பிள்ளை வாசலில் நிற்கிறது, நிர்வாகத்துக்கு வேண்டியவரின் பிள்ளை உள்ளே போகிறது. வாசலில் நின்ற பிள்ளையும் இதைப் பார்க்கிறது, அன்று மாலை வீட்டில் சொல்கிறது. எதிர்ப் பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. சத்தம் போடும் பெற்றோருக்கெல்லாம் வளைந்துகொடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டிப்போட்டு, ஆசிரியரை எல்லார் முன்னாலும் கண்டிக்கும் பள்ளி ஒரு குடும்பத்தைத் திருப்திப்படுத்தி, பார்த்துக்கொண்டிருந்த நூறு குடும்பங்களின் மதிப்பை இழக்கிறது. ஆசிரியர்களையும் சேர்த்து.

கெட்ட செய்தி எப்படி வருகிறது

என் கணிப்பில் எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிப்பது இது. பிள்ளை விழுந்து அடிபட்டது, வகுப்பில் ஒருவன் தொடர்ந்து கேலி செய்கிறான், கணக்கில் பின்தங்குகிறது, எதையோ எடுத்துப் பையில் வைத்துக்கொண்டது. பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் இவற்றில் ஒன்றாவது நடக்காத பிள்ளை இருக்காது. நடந்ததற்காகப் பெற்றோர் பள்ளியை வெறுப்பது குறைவு. நடந்தது தங்களுக்கு எந்த வழியாகத் தெரிய வந்தது என்பதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வழிகள் உண்டு. பள்ளியே முதலில் கூப்பிட்டுச் சொல்லலாம். பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லலாம். அல்லது இன்னொரு பிள்ளையின் அம்மா "கேள்விப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறான்?" என்று கேட்டு அப்போது தெரியலாம். மூன்றாவது வழியில் ஒரே ஒரு முறை செய்தி வந்தால், அதற்குப் பிறகு பள்ளி சொல்லும் நல்ல செய்திகூட அரை நம்பிக்கையோடுதான் கேட்கப்படும். மறைத்தார்கள் என்ற எண்ணம் பின்னோக்கியும் பாயும்: இதை மறைத்தவர்கள் இதற்கு முன் எதையெல்லாம் மறைத்தார்களோ?

பள்ளிகள் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தீய எண்ணம் கிடையாது. சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சம், முதலில் முழுவதும் விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்ற நினைப்பு, யார் சொல்வது என்ற குழப்பம். விசாரணை முடிவதற்குள் வாட்ஸ்அப் குழு தன் தீர்ப்பை எழுதிவிடுகிறது. தெரிந்ததை உடனே சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது மறுபடி பேசுவோம் என்று நேரம் குறித்துக்கொடுக்கும் பள்ளிக்கு இந்தத் தொல்லை பாதிதான்.

கெட்ட செய்தியைச் சொல்வது பயன் தருகிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்றுகளும் உண்டு. அமெரிக்காவில் தோற்ற பாடங்களை மறுபடி படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கோடை வகுப்பு ஒன்றில், மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் ஆசிரியர்களை வாரம் ஒரு வரி பெற்றோருக்கு எழுதச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி. அந்தப் பாடத்தில் தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். மாணவர்கள் பாதியில் நின்றுவிடுவது குறைந்ததுதான் அதற்கு முதன்மைக் காரணம். பாராட்டி எழுதிய வரிகளைவிட, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று குறிப்பாக எழுதிய வரிகளுக்கு அதிகப் பலன் இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. பாராட்டு இனிக்கும், ஆனால் அதைக் கேட்டுப் பெற்றோர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "இந்த வாரம் இரண்டு வீட்டுப்பாடம் தரவில்லை" என்றால் அன்று இரவே செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் பீட்டர் பெர்க்மன், எரிக் சான் இருவரும் செய்த இன்னொரு சோதனையில், தராத வீட்டுப்பாடம், மதிப்பெண், வகுப்புக்கு வராதது ஆகியவற்றைத் தானியங்கிக் குறுஞ்செய்திகளாகப் பெற்றோருக்கு அனுப்பினார்கள். பாடங்களில் தோல்வி 28 சதவீதம் குறைந்தது, வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது. மாநிலத் தேர்வு மதிப்பெண்களில் மட்டும் மாற்றம் இல்லை. ஆக, தகவல் பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவரும், நோட்டை எழுத வைக்கும். கற்பிப்பதைப் பள்ளிதான் செய்ய வேண்டும்.

இதைக் கேட்டு நிர்வாகங்கள் உற்சாகமாகச் செயலி வாங்கிவிடுகின்றன. பிறகு நாளுக்குப் பத்து அறிவிப்பு: கட்டண நினைவூட்டல், விழாப் புகைப்படம், பொன்மொழி, மறுபடி கட்டண நினைவூட்டல். ஒரு மாதத்தில் பெற்றோர் அதை ஓசையற்ற நிலையில் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன சோதனைகளில் வேலை செய்தது செய்தியின் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு செய்தியும் அந்த ஒரு பிள்ளையைப் பற்றியதாக இருந்தது.

பேசாதவர்களின் கணக்கு

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குரல் எழுப்புவது எல்லாருக்கும் ஒரே அளவில் கைவருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆனெட் லாரோ குடும்பங்களோடு நெருங்கிப் பழகி எழுதிய ஆய்வுகளில் (முக்கியமான நூல் 2003இல் வந்தது) நடுத்தர வர்க்கப் பெற்றோர் பள்ளியிடம் உரிமையோடு கேட்பதையும், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் "படிப்பு விஷயம் அவர்களுக்குத்தான் தெரியும்" என்று பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதையும் விரிவாகக் காட்டினார். ஒதுங்கி நிற்பவர்களுக்கும் பிள்ளைமேல் அதே ஆசைதான். ஆனால் பள்ளிக்குள் நுழைந்தால் தாங்களே மாணவராக இருந்த நாட்களின் கூச்சம் திரும்பி வருகிறது. பேச வேண்டிய மொழி வேறாக இருக்கிறது. வேலை நேரமும் விடுவதில்லை.

பள்ளி இதை எப்படிப் படிக்கிறது? கூட்டத்துக்கு வராதவர் அக்கறையில்லாதவர். வந்தும் ஒன்றும் கேட்காதவர் திருப்தியானவர். இரண்டுமே பெரும்பாலும் தவறு. வந்து கேட்பவர்களின் விருப்பத்துக்கு ஏற்பப் பள்ளி மெல்ல மெல்லத் தன்னை வளைத்துக்கொள்ளும். மற்றவர்கள் தங்களுக்கு இது உரிய இடம் இல்லை என்ற எண்ணத்தோடு நாளை ஓட்டுவார்கள்.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் 1998இல் இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி தொடங்கியது. ஆசிரியர்கள் இருவராகச் சேர்ந்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மாணவரின் வீட்டுக்குப் போவது. குறை சொல்வதற்காகப் போகக் கூடாது என்பது விதி. ஒரு சில பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் போனால் அது தண்டனை போலத் தெரியும் என்பதால், எல்லா வகைப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். பிள்ளையைப் பற்றி உங்கள் கனவு என்ன என்று கேட்பதுதான் முதல் சந்திப்பின் வேலை. பின்னர் இது அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பரவியது. எல்லாப் பள்ளியாலும் இது முடியாது, ஆசிரியரின் நேரத்துக்கு ஊதியம் கொடுக்காமல் செய்யச் சொல்வது அநியாயமும்கூட. ஆனால் யார் யாரிடம் நடந்து போகிறார்கள் என்ற திசை மாறினால் எவ்வளவு மாறுகிறது என்று அது காட்டியது.

நாற்காலி கொடுப்பது

பெற்றோருக்கு நிர்வாகத்திலேயே இடம் கொடுத்தால் என்ன? பல நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. சிகாகோவில் 1988இல் வந்த சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தி, அதில் ஆறு இடங்களைப் பெற்றோருக்கு ஒதுக்கி, தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையே கொடுத்தது. நியூசிலாந்து 1989இல் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழுக்களிடம் பள்ளிகளை ஒப்படைத்தது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது.

நாற்காலி இருப்பதால் மட்டும் பற்று வந்துவிடாது. ஏற்கெனவே முடிவெடுத்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்கக் கூட்டப்படும் குழு, குழு இல்லாததைவிடக் கெடுதல். தங்கள் பெயர் பயன்படுத்தப்படுகிறது என்று உறுப்பினர்களுக்குப் புரிந்துவிடும். பெற்றோர் சொன்னதால் ஒரே ஒரு விஷயமாவது மாறியது, அது எல்லாருக்கும் தெரிவிக்கப்பட்டது என்றால் அந்தக் குழுவுக்கு உயிர் வரும். எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று சொல்வதும் அதே அளவு முக்கியம்.

பெற்றோரின் பங்கு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு இத்தாலியின் ரெஜியோ எமிலியா ஒரு எல்லை உதாரணம். 1945இல் போர் முடிந்த கையோடு, அந்த நகருக்கு அருகில் வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு பீரங்கி வண்டி, சில லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்ற பணத்தில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு லோரிஸ் மலகுட்ஸி என்ற இளம் ஆசிரியர் மிதிவண்டியில் பார்க்கப் போனார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளிகளோடு நின்றுவிட்டார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஒரு மழலையர் கல்வி முறை அங்கிருந்து வளர்ந்தது. செங்கல் சுமந்த பெற்றோரிடம் பற்று இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சூழலை நகலெடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

யாரிடம் பற்று?

பள்ளிமேல் பற்று என்று நாம் பேசுவது பல நேரங்களில் உண்மையில் ஓரிரு ஆசிரியர்மேல் உள்ள பற்று. அந்த ஆசிரியர் விலகினால் பெற்றோரின் மனமும் பாதி விலகிவிடுகிறது. ஆசிரியர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இழந்துகொண்டே, பெற்றோரைத் தக்கவைக்க ஆலோசகரைக் கூப்பிடும் நிர்வாகம் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகிறது. விலகல் தவிர்க்க முடியாததாக இருந்தால், போகிறவரே பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் போவதும், புதியவர் கையில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு பத்திக் குறிப்பு இருப்பதும் இழப்பைக் குறைக்கும். முதல் சந்திப்பிலேயே "கண் கூசும் என்று முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருந்தீர்கள், சரியா?" என்று புதிய ஆசிரியர் கேட்டால், அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கு நினைவு இருக்கிறது என்று புரியும்.

பற்று அளவு மீறினாலும் கேடு. ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் கொடுமை நடந்தது என்று புகார் எழும்போது, "நம் பள்ளியின் பெயரைக் கெடுக்கிறார்கள்" என்று மற்ற பெற்றோரே அந்தக் குடும்பத்தைச் சுற்றி வளைப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அங்கே பற்று குரலை எழுப்பவில்லை, அடைத்தது. பெற்றோர் எல்லாரும் தன் பக்கம் நிற்கிறார்கள் என்று பெருமைப்படும் நிர்வாகம் இந்தச் சாத்தியத்தை யோசிப்பது நல்லது.

அளப்பது

வணிக உலகில் ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003இல் பிரபலப்படுத்திய ஒரு கேள்வி இப்போது பள்ளிகளுக்கும் வந்துவிட்டது: எங்களை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு எண் கொடுங்கள். எண் கிடைக்கும். ஆனால் பிள்ளையின் பெயரோடு, பள்ளியின் செயலியில், தேர்வுக்கு முந்தைய வாரம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வரும் எண்ணில் பயம் எவ்வளவு, பற்று எவ்வளவு என்று யார் பிரிப்பது?

இரண்டாவது பிள்ளையையும் அதே பள்ளியில் சேர்க்கிறார்களா என்பது இதைவிடப் பேசும் அளவுகோல். அதிலும் வசதிக்காகச் சேர்ப்பவர்கள் கலந்திருப்பார்கள் என்றாலும், உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவர் மறுபடி எடுக்கும் முடிவு அது. பள்ளியை விட்டுப் போனவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்று கேட்டால் "இடம் மாறுகிறோம்" என்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்து, புதிய பள்ளியில் பிள்ளை பழகி, சில மாதம் கழித்து, தலைமை ஆசிரியர் அல்லாத ஒருவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். ஏன் போனீர்கள் என்று கேட்டால் பழைய மரியாதைக்கான பதில்தான் வரும். போகலாமா என்று முதன்முதலில் எப்போது தோன்றியது, அப்போது யாரிடமாவது சொன்னீர்களா, சொன்னதற்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு குறிப்பிட்ட நாளும் ஒரு குறிப்பிட்ட அறையும் பதிலில் வரும்.